பஸ் எங்கே நிற்க வேண்டும் என்று யாரைக் கேட்பது?

விடிகாலை நான்கரை மணி. திருச்சியிலிருந்து வந்த அரசு விரைவுப் பேருந்து கிளாம்பாக்கத்தில் வந்து நிற்கிறது. ஒரு அம்மா இறங்குகிறார். ஒரு கையில் கட்டைப்பை, இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு தூக்கம் கலையாத பேரன். போக வேண்டிய இடம் பெரம்பூர். நிலையம் விசாலமாக இருக்கிறது, தரை பளபளக்கிறது, கழிப்பறை எங்கே என்று பலகை சொல்கிறது. அவருக்குத் தெரிய வேண்டியது வேறு: இனி பெரம்பூருக்கு எதில் போவது, அந்த வண்டி எங்கே நிற்கும், இந்தப் பையையும் பையனையும் எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு நடக்க வேண்டும்?

சென்னைக்குத் தெற்கே, கோயம்பேட்டிலிருந்து தென்மாவட்டப் பஸ்களை மாற்றுவதற்காகக் கட்டிய கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டது. பரப்பு சுமார் 88 ஏக்கர். எதிரே ஜி.எஸ்.டி. ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் தாம்பரம் – செங்கல்பட்டு ரயில் தண்டவாளம். கூப்பிடு தூரம்தான். ஆனால் முனையம் திறந்த அன்று அங்கே ரயில் நிற்க ஸ்டேஷன் இல்லை. வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவில் புதிய ஸ்டேஷனும், ரோட்டைத் தாண்ட ஆகாய நடைபாதையும் பிறகுதான் கட்டத் தொடங்கினார்கள். பஸ்ஸில் வந்து இறங்குகிறவர் அடுத்து எதில் ஏறுவார் என்ற கேள்விக்கு விடை, கட்டடம் எழுந்த பிறகு வந்தது.

ஒரு வட்டாரம் முழுவதற்குமான போக்குவரத்துத் திட்டத்தில் உள்ளூர் மக்களைச் சேர்த்துக்கொள்வது என்றால் என்ன என்று யாராவது கேட்டால், நான் அந்த அம்மாவிடமிருந்துதான் தொடங்குவேன். கொள்கை, சட்டம், ஆணையம் எல்லாம் உண்டு, ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். ஆனால் அந்தப் பெரம்பூர் கேள்வியை யாரிடம், எப்போது கேட்டார்கள் என்பதுதான் இதன் உயிர்நாடி.

'பங்குதாரர்' என்றொரு பொருந்தாத சொல்

அரசு அறிக்கைகளில் இவர்களைப் 'பங்குதாரர்கள்' என்று எழுதுகிறார்கள். எனக்கு இந்தச் சொல் ஒட்டவே மாட்டேன் என்கிறது. பங்குதாரர் என்றால் கம்பெனியில் முதல் போட்டு லாபத்தில் பங்கு வாங்குகிறவர். பஸ் நிலையம் இடம் மாறியதால் பிழைப்பு போன சுண்டல்காரர் எந்த லாபத்துக்குப் பங்குதாரர்? 'சம்பந்தப்பட்டவர்கள்' என்பது பழைய சொல், நல்ல சொல். ஒரு திட்டத்தால் யாருக்கு நன்மையோ, யாருக்குக் கெடுதலோ, யாருடைய ஒத்துழைப்பு இல்லாமல் அது ஓடாதோ, அவர்கள் எல்லோரும் சம்பந்தப்பட்டவர்கள். இந்தக் கட்டுரையில் அப்படியே சொல்கிறேன்.

கிளாம்பாக்கத்தையே வைத்துக்கொண்டு எண்ணிப் பாருங்கள். முதலில் நினைவுக்கு வருகிறவர்கள் பக்கத்தில் குடியிருப்பவர்கள். வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரிக்காரர்களுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசல் தினசரித் தலைவலி. அவர்களுக்கு முனையம் வசதியும் கூட, தொல்லையும் கூட. அடுத்து ஓட்டுநர், நடத்துநர். வண்டியை விட்டு இறங்கி எங்கே படுப்பது, எங்கே குளிப்பது என்பது அவர்கள் பாடு. பிறகு ஆட்டோக்காரர்கள், சுமை தூக்குகிறவர்கள், டீக்கடைக்காரர்கள். பழைய இடத்தில் பிழைத்தவர்கள் ஒரு கூட்டம், புதிய இடத்தில் பிழைக்க வருகிறவர்கள் இன்னொரு கூட்டம், இரண்டு பேருக்கும் நடுவே போட்டி. ஆம்னி பஸ் முதலாளிகள். கோயம்பேட்டைச் சுற்றி லாட்ஜ், மெஸ், பார்சல் ஆபீஸ் வைத்திருக்கிறவர்கள்.

இத்தனை பேரையும் எழுதிய பிறகும் ஒருவர் விட்டுப்போகிறார். திருச்சி அம்மாதான். அவர் கிளாம்பாக்கத்தில் வசிக்கவில்லை. அங்கே அவருக்கு வோட்டு இல்லை. ஊராட்சித் தலைவரிடம் அவர் பேசப் போவதில்லை. உள்ளூர்க் கூட்டம் என்று தண்டோரா போட்டால் அந்தச் சத்தம் விழுப்புரத்துக்குக் கேட்காது. ஆனால் அந்த நிலையம் கட்டப்பட்டதே அவரைப் போன்றவர்களுக்காகத்தான். ஒரு தெருவுக்கு விளக்கு போடுவதற்கும் வட்டாரப் போக்குவரத்துக்குத் திட்டம் போடுவதற்கும் இதுதான் பெரிய வித்தியாசம். தெரு விளக்கில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் அந்தத் தெருவிலேயே இருப்பார்கள். வட்டாரத் திட்டத்தில் அவர்கள் நூறு, இருநூறு கிலோமீட்டருக்குச் சிதறிக் கிடப்பார்கள். அவர்களைப் பிடிக்க வேண்டுமானால் ஓடுகிற பஸ்ஸுக்குள்தான் போய்க் கேட்க வேண்டும். கல்யாண மண்டபத்தில் கூட்டம் போட்டால் வர மாட்டார்கள்.

சென்னைக்கு இது புதிய அனுபவமும் அல்ல. வெளியூர் பஸ்கள் முன்பு பாரிமுனையிலிருந்து கிளம்பின. 2002-ல் கோயம்பேட்டுக்கு மாறின. அப்போதும் 'ஊருக்கு வெளியே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்' என்ற முணுமுணுப்பு இருந்தது. இருபது வருடத்தில் கோயம்பேடு ஊருக்கு நடுவில் வந்துவிட்டது, மெட்ரோவும் வந்துவிட்டது. அதனால் நிலையத்தை மாற்றியதே தப்பு என்று நான் சொல்லவில்லை. மாற்றித்தான் ஆக வேண்டும். எந்த வரிசையில் எதைச் செய்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

ஒரு ரோடு, பல ஆபீஸ்

இதை ஏன் வட்டார அளவில் பேச வேண்டும்? கிளாம்பாக்கத்தில் நின்றுகொண்டு யார் யாருக்கு என்ன பொறுப்பு என்று கேட்டால் விளங்கும். முனையத்தைக் கட்டியது சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம். மாநகர பஸ் ஒரு கழகம், வெளியூர் பஸ் வேறு கழகங்கள். எதிரே ரயில் மத்திய அரசின் ரயில்வே. மெட்ரோவை விமான நிலையத்திலிருந்து இங்கே வரை நீட்டுவது என்றால் மெட்ரோ நிறுவனம். ரோடு நெடுஞ்சாலைத் துறையினுடையது. பெர்மிட் போக்குவரத்துத் துறை. டிராபிக் போலீஸ் தாம்பரம் ஆணையரகம். குப்பைக்கும் தண்ணீருக்கும் உள்ளாட்சி. ஒவ்வொருவரும் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கலாம். ஆனால் ஒருவர் வேலை முடிகிற இடத்துக்கும் இன்னொருவர் வேலை தொடங்குகிற இடத்துக்கும் நடுவில் ஒரு இடைவெளி இருக்கும். பயணி விழுவது அந்த இடைவெளியில்தான்.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் ஒருங்கிணைந்த போக்குவரத்து ஆணையம் என்ற யோசனை. 2006-ல் வந்த தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வண்டிகள் நகர்வதை விட மனிதர்கள் நகர்வதைப் பார் என்றது. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கு இப்படி ஓர் ஆணையம் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 2017-ல் வந்த மெட்ரோ ரயில் கொள்கை, மெட்ரோ வேண்டும் என்று கேட்கும் மாநிலங்கள் இந்த ஆணையத்தை அமைக்க வேண்டும் என்று நிபந்தனையே போட்டது. சென்னைக்கான சட்டம் 2010-லேயே நிறைவேறிவிட்டது. கும்டா என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்த ஆணையம் அமைக்கப்பட்டது 2019-ல். முதலமைச்சர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022-ல். சட்டத்துக்கும் முதல் கூட்டத்துக்கும் நடுவில் பன்னிரண்டு வருடம்! துறைகளை ஒரே மேசைக்குக் கொண்டுவருவதே இவ்வளவு பாடு என்றால், மக்களை அந்த மேசைக்குக் கொண்டுவருவது எவ்வளவு பாடு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மேசையும் பெரிதாகிக்கொண்டே போகிறது. சென்னைப் பெருநகரப் பகுதி முன்பு 1,189 சதுர கிலோமீட்டர். 2022-ல் அதை 5,904 சதுர கிலோமீட்டராக விரித்தார்கள், கிட்டத்தட்ட ஐந்து மடங்கு. வயலும் ஏரியும் ஆட்டுப்பட்டியும் உள்ள கிராமங்கள் ஒரே உத்தரவில் பெருநகரத் திட்டத்துக்குள் வந்துவிட்டன. அங்கே இருப்பவர்களுக்குப் போக்குவரத்து என்றால் மெட்ரோ அல்ல. காலை ஏழு மணி டவுன் பஸ் இன்று வருமா வராதா என்பதுதான்.

கணக்கெடுப்பில் தெரியாதது

திட்டம் போடுகிறவர்கள் எதுவும் விசாரிக்காமல் கோடு போடுவதில்லை. வீடு வீடாகப் போய் நேற்று எங்கே போனீர்கள், எதில் போனீர்கள் என்று கேட்பார்கள். சாலைச் சந்திப்பில் ஆள் உட்கார்ந்து வண்டிகளை எண்ணுவார். இப்போது கேமராவும் செல்போன் தரவும் வந்துவிட்டன. அதையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு இருபது வருடம் கழித்து எந்தச் சாலையில் எவ்வளவு கூட்டம் இருக்கும் என்று கணிப்பார்கள். இது தேவையான வேலைதான். கேலி செய்ய ஒன்றும் இல்லை.

ஆனால் எண்ணிக்கை, நடந்த பயணத்தைத்தான் சொல்லும். நடக்காமல் போன பயணத்தைச் சொல்லாது. சாயங்காலம் ஆறரைக்கு மேல் பஸ் இல்லை என்பதால் டைப்ரைட்டிங் வகுப்பை விட்ட பெண் எந்தக் கணக்கிலும் வர மாட்டாள். அவள் பயணமே செய்யவில்லையே! முட்டி வலி உள்ள பெரியவர் பஸ்ஸின் உயரமான படிக்குப் பயந்து ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தள்ளிப்போடுகிறார். அவரும் பூஜ்யம்தான்.

இன்னொன்று, பயணம் என்றாலே வீட்டிலிருந்து ஆபீஸ், ஆபீஸிலிருந்து வீடு என்று நினைத்துக் கேட்கிற பழக்கம். ஒரு குடும்பத் தலைவியின் காலைப் பொழுதைப் பாருங்கள். பையனைப் பள்ளியில் விட்டு, அங்கிருந்து மார்க்கெட், மார்க்கெட்டிலிருந்து மாமியாருக்கு மாத்திரை வாங்க மருந்துக்கடை, வழியில் ரேஷன் கடையில் பாமாயில் வந்துவிட்டதா என்று ஒரு எட்டு, பிறகு வீடு. ஐந்து குட்டிப் பயணம், பாதி நடை, ஒன்றுகூட ஆபீஸ் நேரத்தில் இல்லை. 'வேலைக்குப் போகிறீர்களா?' என்று கேட்டால் இல்லை என்பார். படிவத்தில் 'பயணம் இல்லை' என்று ஒரு கோடு விழும். 2021 மே மாதம் சாதாரணக் கட்டண அரசு பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்த பிறகு, இத்தனை பெண்கள் பஸ்ஸில் போகிறார்களா என்று பலர் ஆச்சரியப்பட்டார்கள். எனக்கு அந்த ஆச்சரியம்தான் ஆச்சரியம்.

இந்த மாதிரி விஷயங்களை உள்ளூர்க்காரர்கள் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். மழை பெய்தால் எந்தத் தரைப்பாலம் மூழ்கும், திருவிழா பத்து நாளும் தேர் எந்தத் தெருவை அடைக்கும், எந்த ஸ்டாப்பிங்கில் டாஸ்மாக் இருப்பதால் பெண்கள் அடுத்த ஸ்டாப்பிங் வரை நடக்கிறார்கள்... இவை எந்த வரைபடத்திலும் இருக்காது. தரையில் ஒரு சார்ட் பேப்பரை விரித்து, ஊர் வரைபடத்தைப் பெரிதாகப் போட்டு, நீங்கள் பயப்படும் இடத்தில் சிவப்புப் பொட்டு வையுங்கள் என்று சொன்னால் பத்து நிமிடத்தில் பொட்டெல்லாம் ஒரே மூலையில் குவியும். அது தெருவிளக்கு இல்லாத சப்வேயாக இருக்கும்.

எப்போது கேட்பது

ஒரு திட்டத்தில் கேட்கப்படும் கேள்விகள் வரிசையாக வரும். நமக்கு என்ன பிரச்சினை? அதைத் தீர்க்க என்னென்ன வழி? எந்த வழி? அந்த வழியில் எந்த இடம்? அந்த இடத்தில் எவ்வளவு இழப்பீடு? நம் ஊரில் மக்களைப் பெரும்பாலும் கடைசிக் கேள்விக்குத்தான் கூப்பிடுகிறார்கள். முதல் நான்கும் முடிந்து, கோடு போட்டு, கல் நட்ட பிறகு. அந்தக் கட்டத்தில் மக்களுக்கு இரண்டே பதில்தான் மிச்சம். கொடுக்கிறேன், அல்லது கொடுக்க மாட்டேன்.

சேலம் – சென்னை எட்டு வழிச்சாலையில் நடந்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். 277 கிலோமீட்டர், ஐந்து மாவட்டங்கள். 2018-ல் நில அளவைக்கு ஆட்கள் வந்து கல் நட்டபோதுதான் தங்கள் கிணறும் தென்னையும் அந்தக் கோட்டுக்குள் விழுந்திருப்பது பல விவசாயிகளுக்குத் தெரிந்தது. ஏற்கெனவே சேலத்துக்குப் போக வழி இருக்கும்போது இன்னொன்று எதற்கு, இருப்பதை அகலப்படுத்த முடியாதா என்று அவர்கள் கேட்டார்கள். அது இரண்டாவது கேள்வி. ஆனால் அவர்கள் முன் வைக்கப்பட்டது ஐந்தாவது கேள்வி. 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், அறிவிக்கைகள் செல்லும் என்றது. வழக்கில் ஜெயித்தும் சாலை போடப்படவில்லை. கேட்காமல் செய்தால் சீக்கிரம் முடியும் என்ற கணக்கு எங்கே உதைக்கிறது என்று பாருங்கள்.

வேளச்சேரியிலிருந்து பரங்கிமலைக்குப் பறக்கும் ரயிலை நீட்டிய கதை இன்னும் சின்னது. மொத்தம் ஐந்து கிலோமீட்டர். 2008 வாக்கில் வேலை தொடங்கி, நாலரைக் கிலோமீட்டருக்குத் தூண்கள் எழுந்து நின்றன. ஆதம்பாக்கத்தில் மிச்சம் அரை கிலோமீட்டர், நில இழப்பீட்டுத் தகராறு, வழக்கு. பத்து வருடத்துக்கும் மேலாக அந்தத் தூண்கள் அந்தரத்தில் முடிந்து நின்றன. அந்தப் பக்கம் போனவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

எதிர்ப்பக்கம் ஒரு உதாரணம், தி.நகர் பாண்டி பஜார். தியாகராய ரோட்டில் கார் ஓடும் இடத்தைக் குறைத்து நடைபாதையை அகலப்படுத்தும் யோசனை வந்தபோது, கார் நிறுத்த இடம் இல்லாவிட்டால் கஸ்டமர் வர மாட்டார் என்று கடைக்காரர்கள் பயந்தார்கள். நியாயமான பயம்தான். வாதம் செய்து தீராது. அதனால் சிமென்ட் போடுவதற்கு முன்பு தற்காலிகத் தடுப்புகளை வைத்து ஒத்திகை பார்த்தார்கள். கல்யாணத்துக்கு முன் பெண் பார்ப்பது மாதிரி. கூட்டம் வருகிறதா, எந்தச் சந்திப்பில் வண்டி தேங்குகிறது என்பதை எல்லோரும் கண்ணால் பார்த்துவிட்டுப் பேச முடிந்தது. 2019 நவம்பரில் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. குறை இல்லையா என்றால் உண்டு. அங்கே காலங்காலமாகக் கடை போட்டிருந்த நடைபாதை வியாபாரிகள் 2013-லேயே ஓர் அடுக்குமாடி வளாகத்துக்கு மாற்றப்பட்டிருந்தார்கள். மாடி ஏறி யார் பூக்ளிப் வாங்குவார்கள் என்று அவர்கள் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது. நடப்பவர்களுக்கு நல்லது செய்த தெரு, விற்பவர்களுக்கு எவ்வளவு செய்தது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

சட்டம் திறந்து வைத்திருக்கும் கதவுகள்

பலருக்குத் தெரியாத ஒன்று: கேட்க வேண்டும் என்று சட்டமே பல இடங்களில் சொல்கிறது. பஸ் வழித்தடத் திட்டத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 99, 100-வது பிரிவுகளின்படி, ஒரு வட்டாரத்தில் அரசே பஸ் ஓட்டுவதற்கான திட்டத்தை அரசிதழில் வெளியிட்டால், வெளியிட்ட நாளிலிருந்து 30 நாளுக்குள் 'எந்த நபரும்' ஆட்சேபனை சொல்லலாம். நிலம் வைத்திருக்க வேண்டும், பஸ் வைத்திருக்க வேண்டும் என்று கிடையாது. 1997-ல் தமிழ்நாட்டில் மினி பஸ் வந்தது. புதிய மினி பஸ் திட்டத்தின் வரைவை 2024-ல் வெளியிட்டுக் கருத்துக் கேட்டு, 2025 ஜூனில் தஞ்சாவூரில் தொடங்கிவைத்தார்கள். அரசிதழ் என்றால் என்ன என்றே தெரியாத கிராமத்துக்குத்தான் மினி பஸ் போகிறது என்பது தனிக் கதை.

தேசிய நெடுஞ்சாலை என்றால் கதவு குறுகல். அறிவிக்கையின் சாரத்தை இரண்டு நாளிதழ்களில் போட வேண்டும், அதில் ஒன்று வட்டார மொழியில் இருக்க வேண்டும். ஆட்சேபிக்க 21 நாள். அதுவும் நிலத்தில் உரிமை உள்ளவர்கள் மட்டும். அந்தச் சாலையைக் கடந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் பெற்றோருக்கு அங்கே இடம் இல்லை. 2013-ம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நிலம் எடுக்குமுன் சமூகத் தாக்க மதிப்பீடு செய்து ஊராட்சியோடு கலந்து பேசச் சொல்கிறது. ஆனால் தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்தின் கீழ் எடுக்கும் நிலத்துக்கு அந்த விதி பொருந்தாது என்று அதே சட்டத்தில் விலக்கு. இழப்பீடு, மறுவாழ்வு பற்றிய விதிகள் மட்டும் பொருந்தும். எட்டு வழிச்சாலைக்காரர்களின் கோபத்துக்கு இந்த ஓட்டையும் ஒரு காரணம்.

சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் பெரிய திட்டங்களுக்கு, 2006-ம் ஆண்டு அறிவிக்கைப்படி, அந்தந்த மாவட்டத்திலேயே பொதுமக்கள் கருத்துக்கேட்பு நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு. ஆட்சியரோ அவர் அனுப்பும் மூத்த அதிகாரியோ தலைமை. முழுக்க வீடியோ பதிவு. அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் கிடைக்க வேண்டும். முழு அறிக்கை ஆங்கிலத்தில் நூற்றுக்கணக்கான பக்கம், சுருக்கம் தமிழில் பத்துப் பதினைந்து பக்கம் என்றால், விவசாயி எதைப் படித்துவிட்டுப் பேச முடியும்? அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நடைபாதை வியாபாரிகளுக்கு 2014-ல் தனிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு ஊரிலும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். எனக்குத் தெரிந்து, சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டால் போதாது, உட்காரவே வைக்க வேண்டும் என்று இவ்வளவு தெளிவாக எண்ணிக்கை போட்டுச் சொல்லும் சட்டம் போக்குவரத்துத் துறையில் இல்லை. இருந்தால் பஸ் பயணிகளுக்கு எத்தனை நாற்காலி என்று கேட்டிருக்கலாம்.

கிராமம் என்றால் இருக்கவே இருக்கிறது கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு நாள். பஸ் தடம் நீட்டச் சொல்லி அங்கே தீர்மானம் போட்டால் கழகம் கட்டாயம் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்றில்லை. ஆனால் ஒரு ஆள் எழுதிய மனுவுக்கும் ஊரே கூடிப் போட்ட தீர்மானத்துக்கும் மேசையில் உள்ள எடை வேறு.

கூட்டம் என்ற கூத்து

ஒரு கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நானும் போயிருக்கிறேன். ஊர் பெயர் வேண்டாம். பஸ் தடங்களை மாற்றியமைப்பது பற்றி. செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி. வேலைக்குப் போகிற எவரும் வர முடியாத நேரம். இடம், பஸ் ஸ்டாப்பிங்கிலிருந்து ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி ஒரு மண்டபம். பஸ் பற்றிப் பேச வந்தவர்கள் எல்லோரும் பைக்கிலும் காரிலும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் வணிகர் சங்கம், இரண்டாம் வரிசையில் கட்சிக்காரர்கள். ஆங்கிலத்தில் நாற்பது ஸ்லைடு. கடைசி இருபது நிமிடம் மைக் வந்தது. பின்னால் நின்ற ஒரு பூக்கார அம்மா, 'சார், மூணு மணி வண்டிய நிறுத்திராதீங்க, மார்க்கெட்டுக்குப் பூ எடுக்க அதுலதான் போறேன்' என்றார். விடியற்காலை மூன்று மணி வண்டி. 'பதிவு செய்துகொள்ளப்பட்டது' என்றார் மேடையில் இருந்தவர். பதிவு செய்ய அங்கே யார் கையிலும் பேனா இல்லை.

அன்றைக்கு அந்த அறையில் சொல்லப்பட்டவற்றிலேயே மிக உபயோகமான தகவல் அதுதான். பூ எடுக்க எத்தனை பேர் அந்த வண்டியில் போகிறார்கள் என்று ஒரு நாள் டிப்போவில் கேட்டிருந்தால் நடத்துநரே சொல்லியிருப்பார்.

கூட்டம் வேண்டாம் என்று இல்லை. கூட்டத்தோடு நிறுத்தினால் குரல் பெரிதாக உள்ளவர்கள் பேசியதுதான் ஊர்க் கருத்தாகிவிடும். நடத்துநர்களிடம் தனியாகப் பேச வேண்டும். அவர்களை விட ஒரு தடத்தை அறிந்தவர் கிடையாது. மகளிர் சுயஉதவிக் குழு கூடும் நாளில் போய் உட்கார வேண்டும். சக்கர நாற்காலியில் வரும் ஒருவரோடு ஒரு ஸ்டாப்பிங்கிலிருந்து அடுத்த ஸ்டாப்பிங் வரை சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். பஸ்ஸுக்குள் ஏறி, காத்திருக்கும் நேரத்தில் நாலு கேள்வி கேட்க வேண்டும். இதில் செலவு ஒன்றும் பெரிதில்லை, கால் வலிதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. கேட்பது என்றால் கேட்டவர் சொன்னபடி ஆடுவது அல்ல. ஒரு தெருக்காரர்கள் எங்கள் தெருவில் பஸ் வேண்டாம், சத்தம் என்பார்கள். அடுத்த நாலு கிராமத்துக்கு அந்தத் தெரு வழியாகத்தான் பஸ் போயாக வேண்டும். ஆம்னி பஸ்காரர்கள் 2024 ஜனவரியில் கோயம்பேட்டை விட்டு கிளாம்பாக்கத்துக்கு உடனே மாறச் சொன்னபோது மறுத்து உயர் நீதிமன்றம் போனார்கள். தங்கள் கேரேஜ்களிலிருந்து பயணிகளை ஏற்ற இடைக்கால அனுமதியும் பெற்றார்கள். அவர்கள் சொன்னதில் வியாபார நலனும் இருந்தது, ராத்திரி பத்து மணிக்கு வடசென்னைப் பயணி முப்பது கிலோமீட்டர் போய் வண்டி ஏற வேண்டுமா என்ற நியாயமும் இருந்தது. இரண்டையும் பிரித்தெடுப்பது திட்டமிடுகிறவரின் வேலை. யார் சொன்னது ஏற்கப்பட்டது, யார் சொன்னது ஏற்கப்படவில்லை, ஏன் என்று எழுதி வெளியிட்டால் தோற்றவர்கூட ஒருவாறு ஒத்துக்கொள்வார். அந்த 'ஏன்' வராதபோதுதான் மறியல் நடக்கிறது.

உங்கள் ஊருக்கு வந்தால்

நாளைக்கே உங்கள் பகுதிக்கு ஒரு திட்டம் வருகிறது, கருத்துக் கேட்கிறார்கள் என்றால் என்ன எழுதுவது? 'எங்கள் ஊருக்குக் கூடுதல் பஸ் வசதி செய்து தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறோம்' என்று எழுதினால் அது கோப்பில் தூங்கும். தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு அதிகாரி என்ன செய்வார்? இப்படி எழுதிப் பாருங்கள்: 'காலை 7.10 வண்டியை விட்டால் அடுத்தது 8.25. மேல்நிலைப்பள்ளி மணி 8.45. பள்ளிக்கு 40 நிமிடம். 7.10-ல் படிக்கட்டில் தொங்குகிறார்கள், 8.25 பாதி காலி. 8.25 வண்டியை 7.50-க்கு மாற்றினால் போதும், புது வண்டி வேண்டாம்.' கூடவே ஒரு வாரம் அந்த ஸ்டாப்பிங்கில் நின்று எழுதிய நேரமும் ஆள் எண்ணிக்கையும் ஒரு தாளில். இந்த மனுவை மறுப்பது கஷ்டம். புது பஸ்ஸுக்குப் பணம் இல்லை என்ற பதில் இதற்குப் பொருந்தாது.

மனு கொடுத்தால் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் நடந்தால் நடவடிக்கைக் குறிப்பின் நகலைக் கேளுங்கள். தரவில்லையென்றால் பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம். 30 நாளில் பதில் வர வேண்டும். குறிப்பு கையில் வந்ததும் முதலில் ஒன்றைத் தேடிப் பாருங்கள்: மூன்று மணி வண்டி பற்றிய வரி அதில் இருக்கிறதா?